விண்மீன்களின் முடிவை எழுதியவர்

மார்கழித் திருவாதிரை நாளில் திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் பாத தரிசனம் காண மக்கள் திரள்வது பன்னெடுங்கால மரபு. அந்நாளுக்குப் பெயர் தந்த விண்மீன், ஓரியன் விண்மீன் குழுவின் தோளில் செந்நிறமாக ஒளிர்கிறது. மேலைநாட்டார் அதனைப் பீட்டல்ஜூஸ் என்பர். கதிரவன் இருக்கும் இடத்தில் அதனை வைத்தால் செவ்வாயின் சுற்றுப்பாதையையும் தாண்டிப் பரவும் அளவுக்கு அது பருத்திருக்கிறது. அது தன் இறுதிக் காலத்தில் இருக்கும் விண்மீன். வானியல் கணக்கில் மிக விரைவில், நம் கணக்கில் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள், அது வெடித்துச் சிதறும் என்பது அறிவியலாளர் முடிவு. அவ்வாறு வெடிக்கும்போது சில வாரங்களுக்குப் பகலிலும் அது தெரியும். பின்னர் அதன் உடல் ஒளிரும் முகிலாக விரிந்து விண்வெளியில் பரவும்.

அத்தகைய பெருவெடிப்பைச் சூப்பர்நோவா என்றும், அது விட்டுச்செல்லும் ஒளிமுகிலைச் சூப்பர்நோவா எச்சம் என்றும் அழைக்கிறோம். ஒண்முகில் எனத் தமிழில் வழங்கப்படும் நெபுலாக்களில் இவை ஒரு வகை. செந்நூல் இழைகளைப் பின்னியதுபோன்ற நண்டு நெபுலாவின் படத்தையும், நீலமும் பச்சையும் கலந்த காசியோப்பியா ஏ எச்சத்தின் படத்தையும் இன்று கைப்பேசியில் காணாதவர் குறைவு. பார்த்து வியக்கிறோம், நண்பர்களுக்கு அனுப்புகிறோம். ஒரு விண்மீன் ஏன் இப்படி மடிய வேண்டும், மற்றொன்று ஏன் அமைதியாக அணைய வேண்டும் என்ற கேள்வி பலருக்கு எழுவதில்லை. அக்கேள்விக்கு விடை தரும் எண்ணைத் தன் பத்தொன்பதாவது வயதில் கண்டறிந்தவர், காவிரிப் படுகையில் வேர்கொண்ட ஒரு குடும்பத்தின் பிள்ளையான சுப்பிரமணியன் சந்திரசேகர்.

தஞ்சைப் பகுதியின் புரசக்குடி, மாங்குடி ஆகிய ஊர்களைச் சார்ந்த நிலவுடைமைக் குடும்பம் அது. ஆங்கிலக் கல்வி அக்குடும்பத்தை வயல் வரப்பிலிருந்து கல்லூரி வகுப்பறைக்கும் அரசு அலுவலகத்துக்கும் கொண்டுசென்றது. பாட்டனார் கல்லூரி ஆசிரியர். அவருடைய மகன்களுள் ஒருவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன். மற்றொருவர் தணிக்கைத் துறை அலுவலரான சுப்பிரமணிய ஐயர். அவர் இரயில்வே பணியில் லாகூரில் இருந்தபோது, 1910 அக்டோபர் 19 அன்று பிறந்தவரே சந்திரசேகர். பத்துப் பிள்ளைகளுள் மூன்றாமவர், ஆண்களில் மூத்தவர்.

தந்தை கர்நாடக இசையில் தோய்ந்தவர், வயலின் வாசிப்பவர், அவ்விசையின் இலக்கணம் குறித்து ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். தாய் சீதாலட்சுமி முறையான கல்வி அதிகம் பெறாதவர். எனினும் தாமே கற்று, நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் தந்தவர். 1920இல் கும்பகோணத்து இராமானுசன் மறைந்த செய்தியை நாளிதழில் கண்டு, அவர் யார், என்ன செய்தார் என்று பத்து வயது நிரம்பாத மகனுக்கு விளக்கியவர் அந்தத் தாய்தான். ஓர் இந்திய இளைஞர் கேம்பிரிட்ஜ் சென்று உலகம் வியக்கும் கணிதம் படைத்தார் என்ற அச்செய்தி தம் மனத்தில் நீங்காது நின்றதாகச் சந்திரசேகர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. வீட்டிலேயே தொடக்கக் கல்வி, பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அடுத்து மாநிலக் கல்லூரி. மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி உயர் அலுவலராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தனக்குப் பிடித்ததைப் படிக்கட்டும் என்று தாய் துணைநின்றார். 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சாமர்ஃபெல்டு சென்னை வந்தார். கல்லூரி மாணவரான சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். தான் கற்றுத் தேர்ந்திருந்த அணுக் கொள்கை அதற்குள் பழையதாகிவிட்டது என்பதை அச்சந்திப்பில் அறிந்தார். சாமர்ஃபெல்டு தந்த அச்சேறாத கட்டுரைப் படிகளைக் கொண்டு, புதிய குவாண்டம் இயற்பியலைத் தாமே கற்றார். மறுஆண்டே இலண்டன் ராயல் கழகத்தின் ஆய்விதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது.

இந்திய அரசின் உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு 1930இல் கிட்டியது. தாயார் அப்போது கடும் நோயில் இருந்தார். மகன் தயங்கினார், தாய் அவரைப் போகச் சொன்னார். ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறிய மகன், மீண்டும் தாயைக் காணவில்லை. மறுஆண்டு மே மாதம் அவர் மறைந்தார்.

கப்பல் பயணம் மூன்று வாரங்களுக்கும் குறைவானது. அதில்தான் அந்தக் கணக்கு போடப்பட்டது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே உள்நோக்கிச் சுருங்கும். கதிரவனின் நிறையை ஏறத்தாழப் பூமியின் அளவுக்குள் அடக்கிய அந்தச் சுருங்கிய உடலுக்கு வெண்குறு விண்மீன் என்று பெயர். அதன் பொருளை ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் எடை இருக்கும். அது மேலும் நசுங்காமல் தாங்கி நிற்பது எதனால்? மிக நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கி எதிர்த்து நிற்பதால் எழும் அழுத்தத்தால் என்று கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபௌலர் 1926இல் விளக்கியிருந்தார். எவ்வளவு பெரிய விண்மீனாக இருந்தாலும் இறுதியில் இவ்வாறு அமைதியாக ஓய்வுகொள்ளும் என்பதே அன்றைய நம்பிக்கை.

இளைஞர் சந்திரசேகர் ஒன்றைக் கவனித்தார். நெருக்கம் மிகும்போது எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தபோது, அழுத்தம் முன்போல் உயரவில்லை. பொருளியல் மாணவர் அறிந்த குறைந்து செல் விளைவு விதியை இங்கு நினைத்துக்கொள்ளலாம். வயலில் உரத்தை இரட்டிப்பாக்கினால் நெல் இரட்டிப்பாவதில்லை. ஓர் எல்லைக்குப் பின் கூடுதல் உரம் தரும் கூடுதல் விளைச்சல் சுருங்கிக்கொண்டே போகும். விண்மீனிலும் நசுக்கும் ஈர்ப்பு வளர்ந்துகொண்டே போக, தாங்கும் அழுத்தம் அதற்கு ஈடுகொடுக்க இயலாத ஓர் எல்லை வருகிறது. பின்னர் செம்மைப்படுத்தப்பட்ட கணக்கின்படி அந்த எல்லை கதிரவனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. இன்று உலகம் அதைச் சந்திரசேகர் வரம்பு என்கிறது.

அந்த எண்ணின் பொருள் கடுமையானது. வரம்புக்கு உட்பட்ட விண்மீன் அமைதியாக முடிவெய்தும். நம் கதிரவனும் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் தன் புறப்படலங்களை ஒளிவளையமாக உதிர்த்துவிட்டு வெண்குறு விண்மீனாகும். ஆனால் வரம்பை மீறிய எச்சத்துக்கு அந்த ஓய்வு இல்லை. அது மேலும் சுருங்கியாக வேண்டும். எதுவரை என்று அன்று எவராலும் கூற இயலவில்லை.

1933இல் முனைவர் பட்டம் பெற்று, டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுத் தகைமையராகவும் தேர்வான சந்திரசேகர், ஓராண்டுக்கு மேல் உழைத்து இக்கணக்கை முழுமையாக்கினார். அன்றைய வானியற்பியலின் முடிசூடா மன்னர் சர் ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையை மெய்ப்பித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். அவர் அடிக்கடி இளைஞரின் அறைக்கு வந்து, கணக்கு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டறிந்தார்; கணக்கிடும் பொறி கிடைக்கவும் உதவினார். தம் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

1935 ஜனவரி 11 அன்று இலண்டன் பர்லிங்டன் இல்லத்தில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவை முன்வைத்து அமர்ந்தார். அடுத்து எழுந்த எடிங்டன், அக்கணக்கு சரியானால் விண்மீன் ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போக வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். அவ்வளவு அபத்தமாக ஒரு விண்மீன் நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஏதேனும் விதி இருக்கத்தான் வேண்டும். எனவே அடிப்படைச் சூத்திரமே தவறு என்று நகைச்சுவை கலந்து வாதிட்டார். அவை சிரித்தது. எடிங்டன் அபத்தம் என்று விவரித்தது கருந்துளையைத்தான் என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். அன்று 24 வயது இந்தியருக்காகப் பேச அந்த அவையில் எவரும் இல்லை.

அதே ஆண்டு பாரிசில் நடந்த பன்னாட்டு வானியல் மாநாட்டில் எடிங்டன் மீண்டும் இக்கணக்கைச் சாடினார். மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. போர், பவுலி முதலான இயற்பியல் மேதைகள் அவர் பக்கமே உண்மை இருப்பதாகத் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர். வெளிப்படையாகச் சொல்ல எவரும் முன்வரவில்லை. வெள்ளையர் ஒருவர் இதே கணக்கைத் தந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று பின்னாளில் பலர் கேட்டதுண்டு. சந்திரசேகர் அதை இன வெறுப்பாகக் கொள்ளவில்லை. அதிகாரம் பெற்ற ஒருவரின் சொல், சான்றைவிட எடைமிக்கதாகிவிட்ட நிகழ்ச்சியாகவே அது நமக்குப் பாடமாகிறது.

அவர் முன் இருந்த வழிகள் இரண்டு. வாழ்நாள் முழுவதும் இதே வழக்கைப் பேசிக்கொண்டிருக்கலாம். அல்லது சொல்ல வேண்டியதை எழுதிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். மாநிலக் கல்லூரியில் தமக்கு அடுத்த வகுப்பில் இயற்பியல் பயின்ற லலிதாவை 1936இல் மணந்தார். இந்தியாவில் அவருக்கேற்ற இடம் அமையவில்லை. 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கிஸ் வானாய்வகம் அவர் பணியிடமாயிற்று. 1939இல் விண்மீன் அமைப்பு குறித்த நூலில் தம் கணக்கு முழுவதையும் பதிவுசெய்தார். பிறகு அத்துறையை விட்டே விலகினார்.

அதன்பின் அவர் உழைத்த முறை தனித்தன்மை வாய்ந்தது. ஒரு துறையை எடுப்பார். பல ஆண்டுகள் அதில் மூழ்குவார். இறுதியில் அத்துறையை ஒழுங்குபடுத்தும் பெருநூல் ஒன்றை எழுதுவார். பின் அங்கிருந்து எழுந்து வேறொரு துறையில் மாணவராகச் சேர்ந்துவிடுவார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம், விண்மீன் வளிமண்டலத்தில் ஒளி கடந்துவரும் முறை, பாய்மங்களின் நிலைப்பு, சுழலும் உடல்களின் வடிவம் என ஒவ்வொன்றாக முடித்து, 1983இல் தம் எழுபத்து மூன்றாவது வயதில் கருந்துளைகளின் கணிதக் கோட்பாட்டை நூலாக்கினார். எந்த அபத்தத்தைச் சொன்னதற்காக அவை சிரித்ததோ, அந்த அபத்தத்தின் முழுக் கணிதம் அது.

ஆசிரியராகவும் அவர் அரியவர். வானாய்வகத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு காரோட்டிச் சென்று சிகாகோவில் வகுப்பெடுத்தார். அங்கு அவரிடம் பயின்ற சீன மாணவர்களான லீ, யாங் இருவரும் ஆசிரியருக்கு முன்பே, 1957இல் நோபல் பரிசு பெற்றனர். 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழின் பொறுப்பாசிரியராக இருந்து, அதனை அத்துறையின் முதன்மை இதழாக உயர்த்தினார்.

பிறந்த மண்ணின் மீது அவருக்கிருந்த பற்றுக்கும் ஒரு சான்று உண்டு. இராமானுசனின் நல்ல நிழற்படம் ஒன்று வேண்டும் என்று பேராசிரியர் ஹார்டி கேட்க, சந்திரசேகர் இந்தியா வந்தபோது சென்னையில் இராமானுசனின் துணைவியார் ஜானகி அம்மாளைத் தேடிச்சென்றார். அங்கு கிடைத்த கடவுச்சீட்டுப் படமே இன்று நாம் எல்லா நூல்களிலும் காணும் இராமானுசன் முகம்.

எடிங்டனிடம் அவர் நடந்துகொண்ட விதம் தனியே குறிப்பிடத்தக்கது. இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது, அவரைத் தம் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளருள் ஒருவராக வைத்து இரங்கலுரை ஆற்றியவர் சந்திரசேகர். 1982இல் எடிங்டன் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் உரையாற்றியபோதும், அவருடைய சாதனைகளை முதலில் விரிவாகப் போற்றினார். பிழையையும் மறைக்காமல் சொன்னார். கசப்பும் இல்லை, போலிப் பணிவும் இல்லை.

இதற்கிடையே வானம் அவருக்காகச் சான்று திரட்டிக்கொண்டிருந்தது. 1934இலேயே பாடே, சுவிக்கி என்ற இருவர், சூப்பர்நோவா என்பது சாதாரண விண்மீன் நியூட்ரான் விண்மீனாக மாறும் நிகழ்ச்சி என்று துணிந்து எழுதியிருந்தனர். சந்திரசேகரின் எண்ணும் அவர்களுடைய கருத்தும் ஒரே கதையின் இரு பாதிகள் என்பது அப்போது உணரப்படவில்லை. 1054 ஜூலையில் சீன வானியலர் பகலிலும் தெரிந்த ஒரு புதிய விண்மீனைப் பதிந்துவைத்தனர். அவ்விடத்தில் இன்று இருப்பது சுமார் 6,500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள நண்டு நெபுலா. அதன் நடுவே நொடிக்கு 30 முறை சுழலும் ஒரு நியூட்ரான் விண்மீன் இருப்பது 1968இல் கண்டறியப்பட்டது. பெரிய விண்மீனின் நடுவிலுள்ள இரும்புக் கரு சந்திரசேகர் வரம்பைத் தாண்டியதும் ஒரு நொடிக்குள் சரிந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டையாகிவிடுகிறது. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட தொலைவைவிடக் குறைவான இடத்துக்குள் கதிரவனைவிட மிகுந்த நிறை! அச்சரிவின் ஆற்றலே புறப்படலங்களை வீசியெறிந்து, நாம் வியக்கும் அந்தச் செந்நூல் வலையை விரித்தது.

மற்றொரு வகை வெடிப்பும் உண்டு. வெண்குறு விண்மீன் ஒன்று தன் துணை விண்மீனிடமிருந்து பொருளை ஈர்த்தோ, மற்றொன்றுடன் இணைந்தோ அந்த வரம்பை நெருங்கும்போது முற்றாக வெடித்துச் சிதறுகிறது. நடுவில் எதுவும் எஞ்சுவதில்லை. ஏறத்தாழ உருண்டையான ஒளிக்கூடு மட்டும் மிஞ்சும். 1006ஆம் ஆண்டு தென்வானில் தோன்றிய விண்மீன் அவ்வகை. மனித வரலாற்றில் பதிவான விண்மீன்களுள் அதுவே மிகுந்த ஒளியுடையது. எகிப்து, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளில் அது குறித்துவைக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் தொடுவானத்தை ஒட்டித் தெரிந்த அவ்விண்மீன், காவிரிப் படுகையில் அடிவானத்திலிருந்து 40 பாகை உயரம்வரை ஏறக்கூடிய இடத்தில் இருந்தது. தஞ்சையில் இராசராசனின் பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. இவ்வகை வெடிப்புகளின் ஒளி ஏறக்குறைய ஒரே அளவினதாக இருப்பதால், தொலைவை அளக்கும் கோலாக அவை பயன்படுகின்றன. அண்டம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998இல் அறிய முடிந்தது அந்தக் கோலைக் கொண்டுதான்.

நோபல் பரிசு 1983இல் வந்தது. பர்லிங்டன் இல்லத்தின் சிரிப்புக்கும் அதற்கும் இடையே 48 ஆண்டுகள். 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் சந்திரசேகர் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1999 ஜூலை 23 அன்று அமெரிக்க விண்வெளி நிறுவனம் செலுத்திய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. அது அனுப்பி உலகுக்குக் காட்டப்பட்ட முதல் படங்களுள் காசியோப்பியா ஏ என்ற சூப்பர்நோவா எச்சமும் ஒன்று. 11,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த எச்சத்தின் நடுவே, அதுவரை எவரும் காணாத ஒரு சிறு ஒளிப்புள்ளி தெரிந்தது. அது சரிந்த கருவின் மிச்சமான நியூட்ரான் விண்மீன். சந்திரசேகரின் கணக்கு சொன்ன முடிவை அவர் பெயர் தாங்கிய கண் படம்பிடித்தது.

இப்படங்களின் நிறங்கள் கணினியில் தீட்டப்பட்டவையாயிற்றே, இந்த அழகு மெய்யா என்று சிலர் கேட்பர். எக்ஸ் கதிரை மனிதக் கண் காணாது. எனவே ஒவ்வொரு தனிமத்தின் கதிருக்கும் ஒரு நிறம் தரப்படுகிறது. அந்நிறங்கள் ஒப்பனைக்காக அல்ல. எந்தத் தனிமம் எங்கே பரவிக்கிடக்கிறது என்று காட்டும் நில அளவை வரைபடம் போன்றவை. ஓரிடத்தில் சிலிக்கான், ஓரிடத்தில் கந்தகம், ஓரிடத்தில் இரும்பு. 2013இல் அதே காசியோப்பியா எச்சத்தில் பாஸ்பரசும் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. குறுவைக்கு அடியுரமாக டி.ஏ.பி. மூட்டை தேடி அலையும் நம் உழவர் வயலில் இடுவது அந்தப் பாஸ்பரசைத்தான். நம் குருதியின் இரும்பும், எலும்பின் சுண்ணாம்பும், நெற்பயிரின் மணிச்சத்தும் பெரும்பாலும் இவ்வாறு மடிந்த விண்மீன்களின் உள்ளே சமைந்து சிதறியவை. வரம்பு என்ற ஒன்று இல்லாமல் எல்லா விண்மீன்களும் அமைதியாக அணைந்திருந்தால், அந்தச் செல்வம் அவற்றின் உள்ளேயே புதைந்து போயிருக்கும்.

அழகுக்கும் உண்மைக்கும் உள்ள உறவைச் சந்திரசேகர் தம் பிற்காலத்தில் ஆழ்ந்து சிந்தித்தார். 1987இல் வெளிவந்த 'உண்மையும் அழகும்' என்ற உரைத்தொகுப்பில், ஷேக்ஸ்பியரையும் நியூட்டனையும் பீத்தோவனையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். சுழலும் கருந்துளைக்கு நியூசிலாந்துக் கணிதவியலர் கெர் தாளில் கண்ட தீர்வு, வானில் இருக்கும் எண்ணற்ற கருந்துளைகளை அப்படியே விவரிக்கிறது என்ற உணர்வே தம் அறிவியல் வாழ்வில் தம்மை மிகவும் உலுக்கியது என்று அவர் கூறியதுண்டு. மனிதன் அழகைத் தேடிக் கண்ட ஒன்றுக்கு இயற்கையில் நேர் வடிவம் இருக்கிறது என்பது அவருக்குப் பெருவியப்பு. 1992இல் புணேவில் வானியல் மையம் ஒன்றின் அர்ப்பணிப்பு விழாவில் பேசியபோதும், ஓவியர் மோனேயின் தொடர் ஓவியங்களோடு பொதுச் சார்பியலின் அழகை ஒப்பிட்டார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சந்தையில் விலை இல்லாத பொருளுக்கு மதிப்பே இல்லை என்று கருதுவது எங்கள் துறையின் பாடமன்று. பாடத்தைப் பாதி படித்தவர்களின் முடிவு. கப்பல் தளத்தில் ஓர் இளைஞர் போட்ட கணக்குக்கு 1930இல் விலை ஏதுமில்லை. அன்றைய இந்திய அரசு கொடுத்த உதவித்தொகை என்ன வருவாயை ஈட்டியது என்று கேட்டிருந்தால் எவராலும் விடை கூறியிருக்க இயலாது. அடிப்படை அறிவு எல்லார்க்கும் பயன்படும் பொதுப்பண்டம். ஒருவர் நுகர்வதால் மற்றவர்க்குக் குறைவதில்லை. அதனாலேயே சந்தை அதனைப் போதிய அளவு படைக்காது. அரசுதான் தாங்க வேண்டும். சந்திரா தொலைநோக்கிக்கான நிதியைப் பெருமளவு குறைக்க 2024இல் அமெரிக்காவிலேயே முன்மொழியப்பட்டது என்றால், செல்வ நாடுகளும் இதனை மறந்துவிடுகின்றன என்றே பொருள்.

நம் நாடு அறிவியல் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். இந்தச் சிறு பங்கிலும் நம்மவர் சாதித்தவை குறைவல்ல. 2015இல் செலுத்தப்பட்ட ஆஸ்ட்ரோசாட் நண்டு நெபுலாவின் நடுவிலுள்ள விண்மீனை நுட்பமாக ஆராய்ந்தது. 2024 புத்தாண்டு நாளில் ஏவப்பட்ட எக்ஸ்போசாட் செயற்கைக்கோளின் கருவி ஒன்று முதலில் நோக்கியது காசியோப்பியா ஏ எச்சத்தைத்தான். அதன் மற்றொரு கருவியை உருவாக்கியது, சந்திரசேகரின் சிற்றப்பா இராமன் நிறுவிய பெங்களூரு ஆய்வு நிறுவனம். இருக்கும் திறமைக்கு ஏற்ற அளவுக்கு நிதி உயர வேண்டும் என்பதே வேண்டுகோள்.

நிதி மட்டும் போதாது. கேள்வி கேட்கும் மாணவரை நம் வகுப்பறைகள் நடத்தும் விதமும் மாற வேண்டும். பாடநூலில் இல்லாத விடையை எழுதிய மாணவரைப் பார்த்து வகுப்பு சிரிக்கும்போது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்துவிடுவது எளிது. அந்த விடையைக் கரும்பலகையில் எழுதிச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குவது கடினம். எடிங்டன் தீயவர் அல்லர், பேரறிஞர். பேரறிஞரின் நம்பிக்கையும் கணக்குக்குக் கட்டுப்பட்டதே என்பதை அன்று அந்த அவையில் ஒருவரேனும் எழுந்து சொல்லியிருந்தால், கருந்துளை ஆய்வு சில பத்தாண்டுகள் முன்னரே தொடங்கியிருக்கக்கூடும்.

திருவாரூர் மாவட்டத்தில் இன்று நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது; திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மேல்நிலைப் பள்ளிகள் பல இருக்கின்றன. நகர வெளிச்சம் எட்டாத வயல்வெளிகள் இன்னும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. ஓரியனின் இடைக்கச்சைக்குக் கீழே மங்கிய புகைபோலத் தெரியும் நெபுலாவைக் காண விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓர் இருகண் நோக்கி போதும். அது விண்மீன்கள் பிறக்கும் இடம். அதற்கு மேலே செந்நிறத்தில் நிற்கும் திருவாதிரை, விண்மீன் மடியப்போகும் இடம். தை மாதத்தில் நிலவற்ற இரவு ஒன்றைத் தேர்ந்து, கல்லூரி இயற்பியல் துறைகள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து இவ்விரண்டையும் காட்டலாம். சந்திரசேகர் யார், என்ன செய்தார் என்று அப்போது அவர்களுக்குச் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இராமானுசனைப் பற்றி ஒரு தாய் சொன்னதிலிருந்துதான் இவ்வளவும் தொடங்கிற்று.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).